ரியர் அட்மிரல்: பதவியின் பொருளும் வரலாறும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் கடற்படை விழா நடந்தால் மறுநாள் செய்தித்தாளில் ‘ரியர் அட்மிரல்’ என்ற சொல் வரும். படிக்கிறவர்களுக்கு அவர் பெரிய அதிகாரி என்று தெரியும். எவ்வளவு பெரியவர், பெயரில் ‘பின்’ என்று பொருள்படும் ‘ரியர்’ ஏன் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. மாணவர்களும் போட்டித் தேர்வு எழுதுவோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை சொல்லியிருக்கிறேன். கடற்படைப் பதவிகளில் அதிகம் கவனிக்கப்பட வேண்டியது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். அதற்கான காரணங்களும் விடைகளுக்குள்ளேயே வரும்.

ரியர் அட்மிரல் என்பது எந்த நிலைப் பதவி?

இந்தியக் கடற்படையில் கேப்டனுக்கு மேல் கமடோர், அவருக்கு மேல் ரியர் அட்மிரல், அடுத்து வைஸ் அட்மிரல், உச்சியில் அட்மிரல். ரியர் அட்மிரல் இரண்டு நட்சத்திர அதிகாரி. தரைப்படையின் மேஜர் ஜெனரலுக்கும் விமானப்படையின் ஏர் வைஸ் மார்ஷலுக்கும் சமமானவர். அட்மிரல் என்ற பெயரைத் தாங்கும் பதவிகளில் இதுவே முதற்படி.

கேப்டன் வரை ஒருவர் பெரும்பாலும் ஒரு கப்பலுக்குப் பொறுப்பானவர். ரியர் அட்மிரல் ஆன பிறகு அவர் எந்தத் தனிக்கப்பலுக்கும் தலைவர் அல்லர். பல கப்பல்கள் சேர்ந்த அணிக்குத் தலைவர். அவர் ஏறியிருக்கும் கப்பலைக்கூட வேறொரு கேப்டன்தான் நடத்துவார்.

‘பின்’ என்ற பெயர் ஏன் வந்தது?

பாய்மரக் கப்பல் காலத்துச் சண்டை முறையிலிருந்து வந்தது. ஒரு கப்பலின் பீரங்கிகளில் பெரும்பாலானவை இரு பக்கவாட்டிலும்தான் இருந்தன. எனவே எல்லாக் கப்பல்களும் பக்கவாட்டை எதிரிக்குக் காட்டியபடி, ஒன்றன்பின் ஒன்றாக நீண்ட வரிசையில் செல்வதே சிறந்த முறை என்று 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தும் டச்சு நாடும் மோதிக்கொண்ட போர்களில் உறுதிப்பட்டது. பல பத்துக் கப்பல்கள் இப்படி நின்றால் வரிசை மைல் கணக்கில் நீளும். செய்தி சொல்லக் கொடிதான் உண்டு. பீரங்கிப் புகையில் அதுவும் தெரியாது. ஒரே மனிதர் முழு வரிசையையும் நடத்த வழியே இல்லை.

அதனால் வரிசையை மூன்றாகப் பிரித்தார்கள். நடுப்பிரிவில் அட்மிரல் இருந்தார். முன்பிரிவு அவருக்கு அடுத்தவரான வைஸ் அட்மிரலிடம் இருந்தது. எதிரியை முதலில் சந்திக்கும் இடம் அது. கடைசிப் பிரிவு மூன்றாமவரிடம் வந்தது. அவர்தான் ரியர் அட்மிரல்.

இந்த அழைப்பு அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. 1588இல் இங்கிலாந்தின் மேல் படையெடுத்து வந்த ஸ்பானியக் கப்பற்படையான ஆர்மடாவை எதிர்த்த ஆங்கிலக் கடற்படைக்கு ஹவர்ட் பிரபு அட்மிரல், பிரான்சிஸ் டிரேக் வைஸ் அட்மிரல், ஜான் ஹாக்கின்ஸ் ரியர் அட்மிரல். அன்று இவை ஒரு பயணத்துக்கு, ஒரு போருக்கு ஏற்கும் பொறுப்புகள். போர் முடிந்தால் பெயரும் முடிந்துவிடும். வாழ்நாள் முழுவதும் கூடவே வரும் பதவியாக இவை மாறியது பிறகுதான்.

அட்மிரல் என்ற சொல் எந்த மொழியிலிருந்து வந்தது?

அரபு மொழியின் ‘அமீர்’, அதாவது தலைவர் என்ற சொல்லிலிருந்து. அரபு ஆட்சிக்குப் பின் சிசிலித் தீவைப் பிடித்த நார்மன் அரசர்கள் அந்தப் பட்டத்தை விட்டுவிடாமல் தங்கள் அதிகாரிகளுக்குச் சூட்டினார்கள். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ரோஜர் மன்னரின் கடற்படையை நடத்திய அந்தியோக்கியா ஜார்ஜ் அந்தப் பட்டத்தோடு புகழ்பெற்றவர். அங்கிருந்து அது ஐரோப்பாவெங்கும் கடற்படைத் தலைவருக்கான பெயராகப் பரவியது.

கடைசிப் பிரிவில் இருப்பவருக்குப் போரில் பெரிய வேலை இல்லை என்பது உண்மையா?

இல்லை. காற்று திசை மாறினாலோ தலைவர் மனம் மாறினாலோ வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் திரும்பும். அப்போது கடைசி முதலாகிவிடும். 1805 அக்டோபர் 21, டிரஃபால்கர் போரன்று காலையில் நடந்தது இதுதான். பிரெஞ்சு, ஸ்பானியக் கூட்டுப் படையின் தலைவர் வில்நெவ், காடிஸ் துறைமுகத்தை நோக்கித் திரும்பும்படி கட்டளையிட்டார். பின்பிரிவுக்குத் தலைவரான ரியர் அட்மிரல் துமனுவார் திடீரென்று முன்பிரிவின் தலைவரானார். ஆங்கிலேயத் தளபதி நெல்சன் நடுவில் புகுந்து வரிசையை அறுத்தபோது, முன்னால் இருந்த துமனுவாரின் கப்பல்கள் சண்டையிலிருந்து விலகி நின்றன. அவர் திரும்பி வருவதற்குள் முடிவு ஏறக்குறைய தெரிந்துவிட்டது. தப்பிச் சென்ற அவரது கப்பல்களும் நவம்பர் 4 அன்று ஓர்ட்டெகல் முனையருகே பிடிபட்டன.

அந்த வில்நெவே ஏழு ஆண்டுகளுக்கு முன் பின்பிரிவில் நின்றவர் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1798 ஆகஸ்ட் 1, எகிப்தின் அபூகிர் விரிகுடா. நங்கூரமிட்டிருந்த 13 பிரெஞ்சுப் போர்க்கப்பல்களின் மேல் நெல்சன் பாய்ந்தார். முன்பிரிவும் நடுப்பிரிவும் இரவெல்லாம் அடிபட்டன. பின்பிரிவின் ரியர் அட்மிரலான வில்நெவ் உதவிக்கு நகரவில்லை. மறுநாள் இரண்டு பெரிய போர்க்கப்பல்களோடு தப்பினார். மற்ற 11 கப்பல்களும் அழிந்தன அல்லது பிடிபட்டன. காற்று எதிராக இருந்தது என்று அவர் சொன்ன காரணத்தில் உண்மை உண்டு. ஆனாலும் பின்பிரிவுத் தலைவர் தானாக முடிவெடுக்கத் தயங்கினால் எவ்வளவு இழப்பு வரும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை. அன்று எதிர்ப்பக்கத்தில் வென்ற நெல்சனும் அப்போது ரியர் அட்மிரல்தான்.

‘நீல ரியர் அட்மிரல்’, ‘சிவப்பு ரியர் அட்மிரல்’ என்றெல்லாம் பழைய நூல்களில் வருகிறதே?

ஆங்கிலேயர்கள் தங்கள் முழுக் கடற்படையையும் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மூன்று அணிகளாக வகுத்தார்கள். சிவப்பு மூத்தது, நீலம் இளையது. ஒவ்வோர் அணிக்குள்ளும் மூன்று நிலை அட்மிரல்கள். ஆக, நீல ரியர் அட்மிரலே அடிப்படி. அங்கிருந்து வெள்ளை, சிவப்பு என்று ஏறி, பிறகு நீல வைஸ் அட்மிரல் என்று தொடர வேண்டும். ‘சிவப்பு அட்மிரல்’ என்ற பதவி மட்டும் டிரஃபால்கர் வெற்றிக்குப் பிறகு 1805இல்தான் உருவானது. நெல்சன் 1797இல் நீல ரியர் அட்மிரலானார்; இறந்தபோது வெள்ளை வைஸ் அட்மிரல்.

1864இல் இந்த வண்ணப் பிரிவினையை நீக்கினார்கள். வெள்ளைக் கொடி போர்க்கப்பல்களுக்கும், சிவப்பு வணிகக் கப்பல்களுக்கும், நீலம் அரசின் துணைக் கப்பல்களுக்கும் போயின. இந்திய வணிகக் கப்பல்களின் பின்புறத்தில் பறப்பது மூலையில் மூவர்ணம் பதித்த சிவப்புக் கொடி. சென்னைத் துறைமுகத்திலோ தூத்துக்குடியிலோ அதைப் பார்த்தால், அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்பது இப்போது விளங்கும்.

திறமை பார்த்துத்தான் ரியர் அட்மிரல் ஆக்கினார்களா?

பிரிட்டனில் நெடுங்காலம் அப்படி இல்லை. கேப்டன் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால், மேலே இருப்பவர்கள் பதவி உயரவோ இறக்கவோ காத்திருப்பதுதான் வழி. நெல்சன் 1779இல் 20 வயதில் அந்தப் பட்டியலில் சேர்ந்தார். 38ஆம் வயதில் முறை வந்தது. 1797 பிப்ரவரி 14 அன்று செயின்ட் வின்சென்ட் முனைப் போரில் அவர் காட்டிய வீரத்துக்குப் பரிசாக அந்தப் பதவி கிடைத்தது என்று பலர் எழுதுகிறார்கள். உண்மையில் போர்ச் செய்தி லண்டனை அடைவதற்கு முன்பே மூப்பு முறைப்படி அவர் உயர்த்தப்பட்டுவிட்டார். கப்பலிலேயே இளமையைக் கழித்த சிறுவன் 20 வயதில் கேப்டனானதுதான் அவருக்கு வழிவிட்டது.

இந்த முறையில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. கீழே உள்ள திறமைசாலி ஒருவரை உயர்த்த வேண்டுமானால் அவருக்கு மேலே உள்ள அத்தனை முதியவர்களையும் உயர்த்தியாக வேண்டும். 1747இல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். தகுதி குறைந்த மூத்த கேப்டன்களுக்கு எந்த வண்ண அணியும் இல்லாத ரியர் அட்மிரல் பட்டம் கொடுத்து, அரைச் சம்பளத்தோடு வீட்டில் இருத்தினார்கள். மாலுமிகள் அவர்களை ‘மஞ்சள் அட்மிரல்’ என்று அழைத்தார்கள். அப்படி ஒரு வண்ண அணியே கிடையாது. பல பத்தாண்டுகள் கடலில் உழைத்தவருக்கு இப்படியொரு பெயர் வாய்த்தது கொடுமைதான். ஆனால் அந்த ஏற்பாடு இல்லாதிருந்தால் அடுத்த தலைமுறையின் நல்ல தலைவர்கள் உரிய வயதில் மேலே வந்திருக்க முடியாது.

அட்மிரல்களின் கொடியில் பந்து போன்ற வட்டங்கள் எதற்கு?

மூன்று பாய்மரம் கொண்ட கப்பலில் கொடி பறக்கும் மரத்தைப் பார்த்தே உள்ளே இருப்பவரின் நிலை தெரியும். அட்மிரலின் கொடி நடு மரத்தில், வைஸ் அட்மிரலின் கொடி முன் மரத்தில், ரியர் அட்மிரலின் கொடி பின் மரத்தில். நீராவி வந்து மரங்கள் குறைந்ததும் இந்த முறை பயன்படாமல் போயிற்று. எனவே பிரிட்டிஷ் கடற்படையில் கொடியிலேயே வட்டங்களை வைத்தார்கள். வைஸ் அட்மிரலுக்கு ஒன்று, ரியர் அட்மிரலுக்கு இரண்டு, அட்மிரலுக்கு எதுவும் இல்லை. நட்சத்திரக் கணக்குக்கு இது நேர் எதிர் என்பதால் பலர் குழம்புவார்கள்.

மற்ற நாடுகளில் இந்தப் பதவிக்கு என்ன பெயர்?

பிரான்சில் கோந்த்ர் அமிரால், ஜெர்மனியில் கொன்டர் அட்மிரால், ரஷ்யாவிலும் ஏறத்தாழ அதே பெயர். எனக்கு மிகவும் பிடித்தது டச்சுப் பெயர்: ‘ஸ்கௌட் பை நாக்ட்’. இரவில் கண்காணிப்பவர் என்று பொருள். இருட்டில் கப்பல்கள் சிதறிப் போகாமல், வழி தவறாமல் பார்த்துக்கொள்வது இவர் வேலை. காலையில் ஒரு கப்பல் காணவில்லை என்றால் இவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

ரஷ்யாவின் பீட்டர் பேரரசர் டச்சு நாட்டில் கப்பல் கட்டக் கற்றவர். தன் கடற்படையில் தாமும் படிப்படியாகத்தான் உயர வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். 1709 பொல்தாவா வெற்றிக்குப் பின் இந்த டச்சுப் பெயருள்ள பதவியைப் பெற்றார். 1714இல் கங்குட் கடற்போரில் சுவீடனை வென்ற பிறகே வைஸ் அட்மிரலானார். நாட்டின் பேரரசர் ஐந்து ஆண்டுகள் ரியர் அட்மிரலாகவே இருந்திருக்கிறார்.

அமெரிக்காவில் நீண்டகாலம் அட்மிரலே இல்லை என்கிறார்களே?

ஆம். 1862 வரை இல்லை. அரசாட்சியின் வாடை வீசும் பெயர் என்று அமெரிக்க நாடாளுமன்றம் அதை ஏற்க மறுத்துவந்தது. அந்நாட்டுக் கடற்படையின் முதல் பெரும் வீரரான ஜான் பால் ஜோன்ஸ்கூட 1788இல் ரஷ்யப் பேரரசி கேத்தரினிடம் சேர்ந்துதான் ரியர் அட்மிரலானார். உள்நாட்டுப் போரில் நியூ ஆர்லியன்ஸ் நகரைக் கைப்பற்றிய டேவிட் ஃபாரகட்டுக்காக 1862 ஜூலை 16 அன்று அந்தத் தடை உடைந்தது. அவரே அமெரிக்காவின் முதல் ரியர் அட்மிரல்.

1899இல் அங்கே கமடோர் பதவியை எடுத்துவிட்டு, ரியர் அட்மிரல்களை மேல்பாதி, கீழ்பாதி என்று ஊதியத்தில் பிரித்தார்கள். இருவருக்கும் இரண்டு நட்சத்திரம் என்பதால், கேப்டன் ஒருவர் ஒரே தாவலில் இரண்டு நட்சத்திரம் பெற்றார். தரைப்படையினருக்கு இது நெடுநாள் மனக்குறை. 1980களில்தான் கீழ்பாதியினருக்கு ஒரு நட்சத்திரம் என்று ஆயிற்று. கணினி மொழிகளின் முன்னோடியான கிரேஸ் ஹாப்பர் 1986இல் ஓய்வு பெற்றது இந்தக் கீழ்பாதி ரியர் அட்மிரலாகத்தான். அமெரிக்கக் கடற்படையில் இந்த நிலையை எட்டிய முதல் பெண், செவிலியர் பிரிவின் அலீன் டியூர்க், ஆண்டு 1972.

உலகப் போர்களில் ரியர் அட்மிரல்கள் எங்கே இருந்தார்கள்?

குண்டு விழும் இடத்தில். பதவியின் பெயரைப் பார்த்து ஏமாறுகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் விடை இதுதான்.

1914 நவம்பர் 1 அன்று சிலி நாட்டுக் கரைக்கு அப்பால், பழைய கப்பல்களோடு ஜெர்மானிய அணியை எதிர்த்த ரியர் அட்மிரல் கிறிஸ்டோபர் கிராடாக் கப்பலோடு மூழ்கினார். அன்று மூழ்கிய இரண்டு பிரிட்டிஷ் கப்பல்களிலும் இருந்த சுமார் 1,600 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. அவரை வென்றது ஜெர்மானியத் தளபதி வான் ஸ்பீயின் அணி. 1914 செப்டம்பரில் சென்னை மீது குண்டு வீசிய எம்டன் அந்த அணியிலிருந்து பிரிந்து வந்த கப்பல்தான். 1916 ஜட்லாண்ட் போரில் ரியர் அட்மிரல் ஹூட் தன் கப்பலான ‘இன்வின்சிபிள்’ வெடித்தபோது இறந்தார். 1941 டிசம்பர் 7 அன்று முத்துத் துறைமுகத்தில் (பேர்ல் ஹார்பர்) ‘அரிசோனா’ கப்பலில் ரியர் அட்மிரல் ஐசக் கிட் இறந்தார்.

1942 ஜூனில் நடந்த மிட்வே போர்தான் இந்தப் பதவியின் உச்சம் என்பேன். பசிபிக் போரின் போக்கையே மாற்றிய அந்தச் சண்டையில் அமெரிக்கத் தரப்பை நடத்திய இருவருமே ரியர் அட்மிரல்கள்: பிளெட்சரும் ஸ்புரூயன்ஸும். தோல் நோயால் படுத்துவிட்ட வைஸ் அட்மிரல் ஹால்சிக்குப் பதிலாக வந்தவர் ஸ்புரூயன்ஸ். விமானம் ஓட்டத் தெரியாத அவரிடம் விமானந்தாங்கிக் கப்பல்கள் ஒப்படைக்கப்பட்டன. பிளெட்சரின் ‘யார்க்டவுன்’ அடிபட்டதும், மூத்தவரான அவர் தயங்காமல் பொறுப்பை இளையவரிடம் விட்டார். வெற்றியில் அந்தப் பெருந்தன்மைக்கும் பங்கு உண்டு. ஜப்பான் நான்கு விமானந்தாங்கிகளை இழந்தது. நான்காவதான ‘ஹிர்யூ’வோடு மூழ்கத் தீர்மானித்த யமகுச்சியும் ரியர் அட்மிரலே.

இந்தியாவின் முதல் ரியர் அட்மிரல் யார்?

ராம் தாஸ் கட்டாரி. பிறந்த ஊர் செங்கல்பட்டு, ஆண்டு 1911. ‘டஃபரின்’ பயிற்சிக் கப்பலின் முதல் அணியில் படித்தவர். சுதந்திரத்துக்குப் பிறகும் இந்தியக் கடற்படைக்கு பிரிட்டிஷ் அதிகாரிகளே தலைமை வகித்தார்கள். 1947இல் முதலில் பொறுப்பேற்ற ஜே.டி.எஸ். ஹாலும் ரியர் அட்மிரல்தான். தரைப்படைக்கு 1949இலும் விமானப்படைக்கு 1954இலும் இந்தியத் தலைவர் கிடைத்துவிட்டார். போதிய மூப்புள்ள இந்திய அதிகாரிகள் இல்லாததால் கடற்படை காத்திருந்தது. 1956இல் கட்டாரி ரியர் அட்மிரலானபோது, இந்தியர் ஒருவரின் அட்மிரல் கொடி முதன்முறையாக ஏறியது. 1958 ஏப்ரல் 22 அன்று வைஸ் அட்மிரலாகத் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். செங்கல்பட்டில் பிறந்த ஒருவர் இந்தியக் கடற்படையின் முதல் இந்தியத் தலைவர் என்பதை நம் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

தலைமைத் தளபதி முழு அட்மிரல் ஆனது 1968இல், ஏ.கே. சட்டர்ஜி காலத்தில்.

இன்று இந்திய ரியர் அட்மிரல் என்ன வேலை செய்கிறார்?

மிகப் பெருமைக்குரிய வேலை, கடலில் ஓர் அணியை நடத்துவது. மேற்கு அணி, கிழக்கு அணி ஆகிய இரண்டுக்கும் தலைவர்கள் ரியர் அட்மிரல்களே. 1971 போரில் மேற்கு அணியை ரியர் அட்மிரல் குருவிளாவும், அந்த ஆண்டு நவம்பர் 1 அன்றுதான் உருவான கிழக்கு அணியை ரியர் அட்மிரல் எஸ்.எச். சர்மாவும் நடத்தினார்கள். விமானந்தாங்கிக் கப்பலான ‘விக்ராந்த்’தின் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கியது கிழக்கு அணியிலிருந்து. விசாகப்பட்டினத்தில் மேலதிகாரியாக வைஸ் அட்மிரல் கிருஷ்ணன் இருந்தார். வைஸ் அட்மிரல் கரையில் இருந்து திட்டமிடுகிறார், ரியர் அட்மிரல் கடலில் நிற்கிறார் என்ற இந்தப் பங்கீடு இன்றும் தொடர்கிறது. ஓர் அதிகாரி கடலில் நின்று தலைமை தாங்கும் கடைசி வாய்ப்பு பெரும்பாலும் இந்தப் பதவியில்தான் கிடைக்கிறது.

மற்றவர்கள் தில்லித் தலைமையகத்திலும் கப்பல் தளங்களிலும் பயிற்சி நிலையங்களிலும் இருப்பார்கள். தமிழ்நாடு, புதுச்சேரி கடற்படைப் பகுதிக்குச் சென்னையில் ஒரு ரியர் அட்மிரல் இருக்கிறார். அரக்கோணத்தின் ‘ராஜாளி’ போன்ற தனித்தளத்துக்குக் கமடோர் பொறுப்பு. மருத்துவர்களானால் பதவிக்கு முன் ‘சர்ஜன்’ சேரும். புனிதா அரோரா சர்ஜன் வைஸ் அட்மிரல் வரை உயர்ந்தவர்.

இலங்கைக் கடற்படையில்?

அங்கும் இதே வரிசைதான். 1950 டிசம்பர் 9 அன்று தொடங்கிய அந்தக் கடற்படையை 1960 முதல் 1970 வரை நடத்தியவர் ரியர் அட்மிரல் ராஜன் கதிர்காமர் என்ற தமிழர். பின்னாளில் வெளியுறவு அமைச்சரான லக்ஷ்மன் கதிர்காமரின் அண்ணன். சிறிய கடற்படைகளில் ரியர் அட்மிரலே உச்சப் பதவியாக இருப்பது உண்டு.

கமடோரும் அட்மிரல் வகைதானா?

இல்லை. ஒரு நட்சத்திரம் உண்டு. அட்மிரல் என்று அழைக்கும் வழக்கம் இல்லை. ரியர் அட்மிரலையோ நேரில் பேசும்போது ‘அட்மிரல்’ என்று அழைக்கலாம். எழுதும்போது முழுப் பதவியையும் எழுதுவதே மரியாதை.

இந்தப் பதவியை எப்படி அடைவது? எத்தனை வயது வரை?

நேரடியாக யாரும் சேர முடியாது. எழிமலை கடற்படைக் கழகத்தில் பயிற்சி பெற்று, கமாண்டர், கேப்டன், கமடோர் என்று வந்து, ஒவ்வொரு கட்டத்திலும் தேர்வுக் குழுவின் வடிகட்டலைத் தாண்ட வேண்டும். கமடோர்களில் சிலரே மேலே போகிறார்கள். ஓய்வு வயது 58. வைஸ் அட்மிரலானால் 60.

தோளில் உள்ள சின்னம் மாறிவிட்டதா?

மாறிவிட்டது. 2022 செப்டம்பர் 2 அன்று கொச்சியில் புதிய கடற்படைக் கொடி வந்தபோது, பிரிட்டிஷ் காலத்திலிருந்து வந்த ஜார்ஜ் சிலுவை கொடியிலிருந்து நீங்கியது. 2023 டிசம்பரில் அட்மிரல்களின் தோள்பட்டைச் சின்னமும் மாறியது. சிவாஜியின் அரச முத்திரையை ஒட்டிய எண்கோணம், வாள், தொலைநோக்கி, பொற்பொத்தான் ஆகியவற்றோடு நட்சத்திரங்கள் இருக்கும். ரியர் அட்மிரலுக்கு இரண்டு. கைப்பட்டையில் பார்ப்பதானால் ஓர் அகலமான பொன் வரியும் அதன் மேல் ஒரு மெல்லிய வரியும் இருக்கும்; வைஸ் அட்மிரலுக்கு மெல்லியவை இரண்டு.